உளுவைகள் மேலே வந்த வெள்ளிக்கிழமை

அத்தியாயம் 14

புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் மருமகள் ஜெசிதா கேட்ட கேள்வி வெள்ளிக்கிழமை காலையிலும் அந்த வீட்டுக்குள் அப்படியே நின்றது.

“மாமி, இந்தப் பிள்ளை பிறந்தாப் பிறகு என்ரை அப்பாவும் அம்மாவும் வீட்டுக்குள்ளை வந்து பாப்பினமோ, இல்லாட்டிப் படலையிலை நிண்டு பாப்பினமோ?”

அவள் குரலை உயர்த்தவில்லை. புட்டைப் பிசைந்துகொண்டே கேட்டாள். சிவகௌரி எழுந்து போய்க் கை கழுவினார்.

முப்பது வருடங்களுக்குப் பிறகு மானிப்பாயில் அந்த வீட்டுக்கு ஒரு குழந்தை வரப்போகிறது. மூன்று மாதம். செய்தியை முதலில் சிவகௌரியிடம்தான் சொன்னாள் மருமகள். சிவகௌரி சாமியறைக்கு ஓடிப்போய்க் கற்பூரம் கொளுத்தினார். அந்தச் சந்தோசம் ஆறு நாள்கூட முழுதாக நிற்கவில்லை.

மகன் கோபிசங்கர் இருந்திருந்தால் ஏதாவது சொல்லிப் பேச்சை மாற்றியிருப்பான். அவன் வங்கிப் பயிற்சிக்குக் கொழும்புக்குப் போய் நாலு நாள்.

ஜெசிதாவின் தகப்பன் கனிசியஸ் குருநகரில் கடற்றொழில் செய்கிற கத்தோலிக்கர். கோபியும் ஜெசிதாவும் பதிவுத் திருமணம் செய்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. இந்த இரண்டு வருடமும் ஒன்றுவிட்டொரு சனிக்கிழமை கனிசியஸ் மோட்டார் சைக்கிளில் இரண்டு கான் கடல்தண்ணீர் கட்டிக்கொண்டு வருவார். தெருவாசல் படலைக்கு வெளியே நின்று இரண்டு தரம் ஹோர்ன் அடிப்பார். ஜெசிதா ஓடுவாள். ஐந்து நிமிடம் கதைப்பார்கள். அவர் போய்விடுவார்.

வராதேங்கோ என்று சிவகௌரி ஒருநாளும் சொன்னதில்லை. வாங்கோ என்றும் சொன்னதில்லை.

தண்ணீர், முன் விறாந்தையை ஒட்டிய அறையில் இருக்கும் கண்ணாடித் தொட்டிக்கு. ஜெசிதா உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். கல்யாணமாகி மூன்றாம் கிழமை அந்தத் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தபோது சிவகௌரி ஒரு நாள் முழுக்க வாய் திறக்கவில்லை. மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் படியேறாத வீடு.

“அம்மா, சமைக்கவே போறம்? உயிரோடை நீந்துற மீன்தானே” என்றான் கோபி.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். மீனுக்குத் தீனி என்று இறாலோ கணவாயோ வீட்டு ஃபிரிட்ஜுக்குள் வரக்கூடாது. ஜெசிதா தலையாட்டினாள். உலர்ந்த குறுணித் தீன் போட்டே வளர்த்தாள்.

உள்ளே இரண்டு உளுவை மீன்கள். விரல் நீளம். வலையில் பட்டால் குருநகரில் யாரும் கூடைக்குள் போடாத மீன். ஒன்று மஞ்சள், மற்றது மண்ணிறப் பட்டை போட்டது. பட்டைக்காரன் மணலுக்குள் ஒரு இறாலோடு குடித்தனம். இறாலுக்குக் கண் மங்கல். அது பொந்துக்குள்ளிருந்து மணலைத் தள்ளித் தள்ளி வெளியே கொட்டும். உளுவை வாசலில் காவல் நிற்கும். இறாலின் மீசை எப்போதும் உளுவையின் வாலைத் தொட்டபடி இருக்கும். உளுவை வாலை உதறினால் இரண்டும் உள்ளே.

இந்த இரண்டு வருடத்தில் சிவகௌரி அந்தத் தொட்டியைத் தொட்டதில்லை. பார்த்ததில்லை என்று சொல்லமுடியாது. மத்தியானத்தில் வீட்டில் யாருமில்லாத நேரம் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் பார்ப்பார். யாரிடமும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை ஜெசிதா விடியவே கிளம்பிவிட்டாள். கொடிகாமத்தில் செய்முறைப் பரீட்சை மேற்பார்வை. பரீட்சை முடியும்வரை கைப்பேசியைப் பாடசாலை அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும்.

“போட்டு வாறன் மாமி.”

அவ்வளவுதான். புதன்கிழமைக்குப் பிறகு அவளும் அதிகம் கதைப்பதில்லை.

ஏழரைக்கு மின்சாரம் போனது. சிவகௌரி பெரிதாக எடுக்கவில்லை. தலை தோய்ந்து, பூப்பறித்து, விரதத்துக்குத் தேவையானதை எடுத்து வைத்தார். பத்து மணிக்கு மருதடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போகவேண்டும். பூத்தட்டோடு அறையைக் கடக்கும்போதுதான் தொட்டி மோட்டரின் இரைச்சல் இல்லாதது உறைத்தது.

எட்டிப் பார்த்தார்.

இரண்டு உளுவைகளும் மேலே வந்திருந்தன. எப்போதும் மணலில் கிடக்கிற மீன்கள். தண்ணீரின் விளிம்புக்குக் கீழே வயிற்றால் கண்ணாடியைப் பற்றி ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின.

சிவகௌரி ஜெசிதாவின் இலக்கத்துக்குத் திரும்பத் திரும்ப அடித்தார். நிறுத்தி வைத்திருந்தது. கோபிக்கு அடித்தார். எடுக்கவில்லை.

சுவரில் தொங்கிய கலண்டரின் ஓரத்தில், எரிவாயுக் கடை இலக்கத்துக்குக் கீழே, ஜெசிதாவின் கையெழுத்தில் ‘அப்பா’ என்று எழுதி ஒரு இலக்கம் இருந்தது. இரண்டு வருடமாகக் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த இலக்கம்.

அதற்கு அடித்தார். மூன்றாவது மணியில் கனிசியஸ் எடுத்தார். காற்று இரைந்தது.

“ஹலோ, ஆர்?”

“நான் மானிப்பாயிலை இருந்து. கோபியின்ரை அம்மா.”

காற்றுக்கு ஒதுங்கும் காலடி கேட்டது. பிறகு, “சொல்லுங்கோ அம்மா” என்றார். குரல் விறைத்திருந்தது.

“தொட்டிக்குக் கரண்ட் இல்லை. மீன் ரெண்டும் மேலை வந்து வாயை வாயைத் திறக்குது. பிள்ளை கொடிகாமத்திலை, போன் இல்லை. எனக்கு ஒண்டும் தெரியாது.”

“எத்தினை மணிக்குப் போனது?”

“ஏழரைக்கு.”

“அந்தரப்படாதேங்கோ. மூடியைத் திறந்துவிடுங்கோ. ஒரு ஏதனத்தாலை தண்ணியை அள்ளி, ஒரு முழம் மேலை இருந்து திருப்பி உள்ளுக்கையே ஊத்துங்கோ. காத்து உள்ளை போகவேணும். நிப்பாட்டாமல் ஊத்துங்கோ. நான் வெளிக்கிடுறன்.”

“செம்பு கிடக்கு, அதாலை…”

“செம்பு வேண்டாம்! செம்பும் பித்தளையும் இறாலுக்கு நஞ்சு. பிளாஸ்ரிக் யக் எடுங்கோ.”

சிவகௌரி கையில் எடுத்த பித்தளைச் செம்பைப் பூத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். குசினியில் இருந்து தண்ணீர் ஊற்றும் நீல யக்கைக் கொண்டுவந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். அள்ளினார். ஊற்றினார்.

நூறு வரை எண்ணினார். பிறகு எண்ணுவதை விட்டார். அறுபத்தொரு வயதுத் தோள் வலிக்கத் தொடங்கியது. உப்புத் தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி, தோய்ந்து உடுத்த சேலையை நனைத்தது.

அடுத்த வீட்டு உதயகலா கோயிலுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, வரேல்லையோ? சந்தியிலை லொறி ஒண்டு கரண்ட் கம்பத்திலை அடிச்சுப்போட்டுது. கரண்ட் வரப் பின்னேரம் ஆகுமாம்.”

“நீ போ. எனக்கு வேலை கிடக்கு.”

உதயகலா யக்கைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள்.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா மீன் தண்ணியோ அக்கா?”

“ஓம்” என்றார் சிவகௌரி. கை நிற்கவில்லை.

அவள் போன சிறிது நேரத்தில் மஞ்சள் உளுவை கண்ணாடியிலிருந்து கழன்றது. சாய்ந்தபடி கீழே போனது. மணலில் விழுந்து கிடந்தது.

சிவகௌரி யோசிக்கவில்லை. கையைத் தண்ணீருக்குள் விட்டு அதை ஏந்தி மேலே கொண்டுவந்தார். காற்றுக்குக் கிட்டக் கொண்டுவந்தால் பிழைக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. உள்ளங்கையில் அது ஒரு தரம் துடித்தது. பிறகு துடிக்கவில்லை.

வாழ்நாளில் ஒரு மீனைத் தொட்டிராத கை. ஆனால் அந்த நேரம் அதுவல்ல மனதில் வந்தது. எட்டு மணிக்கே பார்த்திருக்கலாமே என்பதுதான் வந்தது.

வாழையிலைத் துண்டொன்றில் அதைக் கிடத்திவிட்டுத் திரும்ப யக்கை எடுத்தார். பட்டைக்காரன் இன்னும் கண்ணாடியில் இருந்தான்.

இரண்டு தரம் ஹோர்ன் கேட்டது.

கனிசியஸ் படலைக்கு வெளியே இரண்டு கான்களையும் இறக்கி வைத்திருந்தார். மோட்டார் சைக்கிளின் முன்னால் ஒரு பெரிய பற்றரி. கழுத்தில் தொங்கிய பையிலிருந்து சிறிய மோட்டர் ஒன்றை எடுத்தார்.

“சிங்க இறாலை உயிரோடை வாங்குற ஆளிட்டைக் கேட்டு எடுத்துக்கொண்டு வந்தனான், அம்மா. தண்ணி நாளைக்குக் கொண்டுவாறதுக்கெண்டு நேற்றே அள்ளி வைச்சது, தெளிஞ்ச தண்ணி. இந்தச் சிவப்பு வயரை இதிலை கொழுவவேணும், கறுப்பை இதிலை. குழாயைத் தண்ணிக்குள்ளை விட்டாச் சரி. பாரத்தைத் தூக்க அயலிலை ஆரையேன் கூப்பிடுங்கோ. நான் இஞ்சை நிண்டு சொல்லித்தாறன்.”

சிவகௌரிக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இந்த மனிதர் ஒன்பது கிலோமீற்றர் ஓடிவந்து, படலையில் நின்றபடியே மீனைக் காப்பாற்றப் போகிறார்.

படலையை அகலத் திறந்தார்.

“உள்ளை வாங்கோ.”

கனிசியஸ் தன் கால்களைப் பார்த்தார். “கரையிலை இருந்து அப்பிடியே வந்தனான். காலெல்லாம் சேறு.”

“சேறு கழுவலாம். அங்கை மற்றதும் சாகப்போகுது. வாங்கோ.”

சொல்லிவிட்டு ஒரு கானைத் தானே தூக்கினார்.

“பாரம் அம்மா!”

“தெரியுது.”

தொட்டிக்கு முன்னால் கனிசியஸ் வேறு ஆளாக மாறினார். தயக்கம் போய்விட்டது. முழங்காலில் குந்தி வயரைக் கொழுவினார். குழாயை இறக்கினார். குமிழ்கள் பொங்கி எழுந்தன. விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

“உப்புச் சரி. சூடு கூடிப்போச்சு. ஐஸ் கிடக்கோ?”

“தண்ணிப் போத்தில் ஒண்டு கட்டியாக் கிடக்கு.”

“மூடியோடை கொண்டாங்கோ. உடைச்சுப் போடக்கூடாது, உப்பில்லாத தண்ணி கலந்திடும்.”

சைவ ஃபிரிட்ஜிலிருந்து வந்த பனிப்போத்தல் மீன் தொட்டியில் மிதந்தது. பழைய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் புதிய தண்ணீரை விட்டார்கள். ஒருவர் அள்ள, மற்றவர் ஊற்ற. முக்கால் மணித்தியாலம் அப்படியே போனது.

பட்டைக்காரன் கண்ணாடியை விட்டான். மெல்லக் கீழே இறங்கினான். பொந்து வாசலில் போய் உட்கார்ந்தான். இன்னும் சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து இரண்டு மீசைகள் நீண்டு அவன் வாலைத் தேடின.

சிவகௌரி யக்கைக் கீழே வைத்தார்.

“மஞ்சள் போயிட்டுது” என்றார். மேசையில் இருந்த இலையைக் காட்டினார்.

கனிசியஸ் எழுந்து போய்ப் பார்த்தார். “முதன்முதல் கொண்டுவந்தது இதைத்தான்.”

“நான் பிந்திப்போனன். முன்னமே உங்களுக்கு எடுத்திருக்கவேணும்.”

“எடுத்தனீங்கள்தானே, அம்மா.”

சிவகௌரி இலையின் ஓரத்தை மடித்து மீனை மூடினார். குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டார். திரும்பி வந்தபோது கனிசியஸ் தொட்டியடியில் நிலத்தில் இருந்தார்.

“கதிரையிலை இருங்கோ.”

“உடுத்த சாரம் நனைஞ்சு கிடக்கு.”

“என்ரை சேலையும்தான் நனைஞ்சு கிடக்கு. இருங்கோ.”

மத்தியானங்களில் தான் இழுத்துப் போடுகிற கதிரையை அவருக்கு இழுத்துப் போட்டார். அவர் கதிரை நுனியில் இருந்துகொண்டு தேத்தண்ணியை வாங்கினார்.

“நாப்பது வருசம் தொழில் செய்யிறன். உந்த உளுவையளை வலையிலை கண்டா உதறி எறியிறதுதான். இவள் கம்பஸிலை படிச்சுப்போட்டு வந்து சொன்னாப் பிறகுதான், ஒருநாள் முழங்கால் தண்ணிக்குள்ளை குனிஞ்சு நிண்டு வடிவாப் பாத்தனான்.”

“நானும் பாக்கிறனான்” என்றார் சிவகௌரி. “பிள்ளைக்குத் தெரியாது.”

கனிசியஸ் சிரித்தார். சிரிக்கும்போது ஜெசிதாவின் கன்னக்குழி அவருக்கும் விழுந்தது.

கரண்ட் வரும்வரை பற்றரியைக் கவனிக்கக் கனிசியஸ் நின்றுகொண்டார். இரண்டரை மணிக்கு ஜெசிதா ஓட்டமும் நடையுமாக வந்தாள். பரீட்சை முடிந்து கைப்பேசியைத் திறந்தால், மாமி ஏழு தரம் அழைத்ததாகக் குறுஞ்செய்தி. பஸ்ஸிலிருந்து திருப்பி எடுத்தாள், இணைப்புக் கிடைக்கவில்லை. யாருக்கு என்னவோ என்று வழியெல்லாம் நெஞ்சு அடித்துக்கொண்டு வந்தவள், வாசற்படியில் தகப்பனின் செருப்பைக் கண்டு நின்றாள்.

உள்ளே அப்பா. கதிரையில். கையில் இந்த வீட்டுக் கோப்பை.

அவள் தொட்டியைப் பார்க்க மறந்துபோனாள்.

“மஞ்சள் செத்துப்போச்சு, பிள்ளை” என்றார் சிவகௌரி. “மற்றதும் இறாலும் இருக்குதுகள். அப்பா வந்தபடியாத் தப்பிச்சுது.”

ஜெசிதா மாமியின் அரைகுறையாகக் காய்ந்த சேலையைப் பார்த்தாள். உப்புக் காய்ந்து வெளுத்திருந்த கைகளைப் பார்த்தாள். கைப்பையைத் தோளிலிருந்து கழற்றிக் கீழே வைத்தாள்.

“அப்பாவுக்கு ஒரு செய்தி சொல்லக் கிடக்கெல்லோ? சொல்லு. நான் இதைத் தாட்டுப்போட்டு வாறன்.”

சிவகௌரி இலையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். எலுமிச்சை வாசம் வீசும் தேசிமரத்தடியில் மண்வெட்டியால் சிறிய குழி ஒன்று வெட்டினார். ஈர மண். குழிக்குள் இலையை வைத்தபோது பக்கத்தில் ஒரு நிழல் விழுந்தது.

கனிசியஸ் மண்வெட்டியை வாங்கி மண்ணைத் தள்ளினார். முகத்தைத் துடைத்தார்.

“சொன்னாள்” என்றார்.

“ஓம்.”

“ரெண்டு கிழமைக்கு முதல் படலையிலை நிண்டு கதைக்கேக்கை மெலிஞ்சுபோனாய் எண்டு கேட்டனான். ஒண்டுமில்லை எண்டவள்.”

சிவகௌரி கையிலிருந்த மண்ணைத் தட்டினார். இரண்டு நாளாகச் சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது சொல்வது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

“ஞாயிற்றுக்கிழமை உங்கடை பூசை முடிச்சுக்கொண்டு ரெண்டு பேரும் வாங்கோ. மத்தியானம் இஞ்சை சாப்பிடலாம். மரக்கறிதான்.”

கனிசியஸ் மண்வெட்டியைத் தேசிமரத்தில் சாய்த்து வைத்தார்.

“நான் வாறன். என்ரை மனுசி சிசிலியா வரமாட்டா.”

“நான் கூப்பிட்டதெண்டு சொல்லுங்கோ.”

“அதுக்கில்லை அம்மா. நான் இஞ்சை வாறதே அவவுக்குத் தெரியாது. எங்கடை கோயிலிலை வைச்சுத் தாலி கட்டேல்லை எண்டு அந்தக் கோவம். ‘அந்த வீட்டுப் பேரை எடுக்கக்கூடாது, என்ரை கால் அங்கை மிதியாது’ எண்டு சொன்னவதான். ஜெசிதா போன் எடுத்தாலும் கதைக்கிறேல்லை. இந்தத் தண்ணி ஆரோ மீன் விக்கிற கொம்பனிக்காரருக்கு எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.”

சிவகௌரிக்கு முதலில் சுருக்கென்றது. தன் வீட்டுப் படியேற மாட்டேன் என்று ஒருத்தி சொல்லக்கூடும் என்று இந்த இரண்டு வருடத்தில் அவருக்குத் தோன்றியதே இல்லை. படலையின் கொளுவி தன் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தார். திறப்பதும் மூடுவதும் தன் கையில் என்று.

கோபம் வந்தது. அதன் பின்னால் வெட்கம் வந்தது. அதுவும் அடங்கியபோது ஜெசிதாவின் முகம் வந்தது. அவள் ‘அப்பாவும் அம்மாவும்’ என்றுதான் கேட்டாள். அம்மா தன்னோடு கதைப்பதில்லை என்று இந்த வீட்டில் ஒரு சொல் சொல்லவில்லை. இங்கே மாமியைத் தாங்கி, அங்கே தாயைத் தாங்கி, இரண்டு வருடம் எப்படி இருந்தாள்?

“அவவின்ரை நம்பரைத் தாங்கோ.”

“வேண்டாம் அம்மா. ஏசிப்போடுவா.”

“ஏசட்டும்.”

கனிசியஸ் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். சிவகௌரி சேலையில் கையைத் துடைத்துவிட்டு அழுத்தினார். குசினி வாசலில் ஜெசிதா வந்து நின்றதைக் கண்டார். நிறுத்தவில்லை.

நாலாவது மணியில் ஒரு பெண் குரல். “ஹலோ?”

“நான் சிவகௌரி. மானிப்பாயிலை இருந்து. ஜெசிதாவின்ரை மாமி.”

எங்கோ ரேடியோ ஒன்று பாடிக்கொண்டிருந்தது. அதை யாரோ நிறுத்தினார்கள்.

சிவகௌரி முப்பத்திரண்டு வருடம் தபால் கந்தோரில் இருந்தவர். ஊராருக்கு வந்த நல்லது கெட்டதெல்லாம் அவர் தொலைபேசியில் வாசித்த தந்தியாகப் போயிருக்கிறது. ஒரு நாளும் குரல் தடுமாறியதில்லை. இப்போது தடுமாறியது.

“வைச்சிடாதேங்கோ” என்றார். “உங்களோடை சண்டைக்கு எடுக்கேல்லை. கூப்பிட எடுத்தனான். நான் முன்னமே கூப்பிட்டிருக்கவேணும்.”

மறுபக்கத்தில் கதிரை ஒன்று இழுபட்டது.

“உங்கட மகள்…”

“அவளுக்கு என்ன?”

குரல் பாய்ந்து வந்தது. கோபமோ பயமோ, பிரித்துச் சொல்ல முடியாத குரல். தள்ளி நின்ற கனிசியஸுக்கும் கேட்டது.

சிவகௌரி சொல்லியிருக்கலாம். ஒரே வசனம்தான். ஆனால் அது தான் சொல்லவேண்டிய செய்தி அல்ல என்று பட்டது. குசினி வாசலுக்கு நடந்து போய்க் கைப்பேசியை நீட்டினார்.

“நீயே சொல்லு, பிள்ளை.”

ஜெசிதா இரண்டு கையாலும் அதை வாங்கினாள். காதில் வைத்தாள். எத்தனையோ தரம் அடித்து, எத்தனையோ தரம் துண்டிக்கப்பட்ட இலக்கம்.

“அம்மா” என்றாள்.

மறுபக்கத்தில் இருந்து ஒன்றும் வரவில்லை. அவள் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. சிசிலியா இன்னும் வைக்கவில்லை.